மலைநடைக்குப் புறப்படும் முன்: மனத்தை ஆயத்தம் செய்தல்

அரையாண்டுத் தேர்வு முடியும் தறுவாயில் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு வினா தவறாமல் எழுகிறது. “பள்ளியில் மூன்று நாள் மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்கிறார்கள். முதுகில் பையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டுமாம். இரவில் கூடாரத்தில் உறங்க வேண்டுமாம். அனுப்பலாமா, டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் தாயார். அருகில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவர் சரியென்று சொல்லிவிட வேண்டுமே என்னும் வேண்டுதலும், சொல்லிவிட்டால் போக வேண்டியிருக்குமே என்னும் கலக்கமும் அந்தச் சிறு முகத்தில் ஒருங்கே தெரியும்.

நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு போன்ற நெடுநாள் நோயுடன் வாழும் மாணவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் மனத்திற் கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம். எனினும் இதிற் கூறப்படுவனவற்றுள் பெரும்பகுதி, எந்நோயும் இல்லாத பிள்ளைகளுக்கும் பொருந்தும். மருந்தின் அளவு, உணவின் நேரம், செருப்பு, போர்வை ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மனத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாங்களும் ஒரு காலத்தில் பேசியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆஸ்துமாவுக்காக எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தான். மலைநடைக்குச் செல்ல அவனுக்கு உடல் தகுதி இருந்தது. ஏற்றம் தொடங்குமுன் எந்த இன்ஹேலரை எத்தனை முறை உறிஞ்ச வேண்டும், மூச்சு இரைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பயணத்தின் இரண்டாம் நாளே அவனை ஜீப்பில் கீழே இறக்க வேண்டியதாயிற்று. இன்ஹேலர் அவன் பையிலேயே இருந்தது. ஆனால் எல்லாத் துணிகளுக்கும் அடியில், ஒரு காலுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தோழர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தினால் அவன் ஏற்றம் முழுவதும் அதை வெளியில் எடுக்கவே இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு பிழையும் இல்லை. “இதை மற்றவர் முன்னிலையில் எடுக்க உனக்குக் கூச்சமாக இருக்குமா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம். அன்று முதல் மலைநடைக்கான ஆலோசனையை மனத்திலிருந்தே தொடங்குகிறோம்.

அச்சமும் நோயும் ஒரே முகம் காட்டுதல்

அச்சம் உண்டாகும்போது உடல் அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியில் விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; கை நடுங்குகிறது; வயிறு புரட்டுகிறது; மூச்சு மேலெழுந்தவாரியாக ஓடுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் இயல்பான ஏற்பாடு இது. மேடையேறுமுன் நமக்கு நேர்வதும் இதுவே.

நோயுடன் வாழும் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்க்கரை தாழ்ந்துபோகும்போதும் இதே அட்ரினலின் சுரக்கிறது. ஆகவே இதே படபடப்பு, இதே நடுக்கம், இதே வியர்வை. ஆஸ்துமாவின் மூச்சிரைப்புக்கும் பதற்றத்தின் மூச்சிரைப்புக்கும் வேறுபாடு காணப் பெரியவர்களே தடுமாறுவதுண்டு. காட்டின் நடுவே, இருட்டில், பதினான்கு வயதுப் பிள்ளை, “இது பயமா, நோயா?” என்று தனக்குள் வழக்காடிக்கொண்டிருத்தல் கூடாது. அதற்கு நாங்கள் கற்பிக்கும் விதி எளியது: ஊகம் செய்யாதே, சோதித்துப் பார். நீரிழிவு உள்ள பிள்ளை உடனே அமர்ந்து குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பார்க்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கருவி கைக்கு எட்டாவிடில் முதலில் குளுக்கோஸ், ஆராய்ச்சி பிறகு. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரே முதலில். இன்ஹேலரை எடுத்து, அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, அதன் பின்னரே மூச்சுப் பயிற்சி.

மூச்சுப் பயிற்சி என்று நாங்கள் குறிப்பிடுவது பெரிய யோக சாதனை அன்று. நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுதல். வெளிவிடுவது உள்ளிழுப்பதைவிட நீளமாக இருத்தல் வேண்டும். இப்படி இரண்டு மூன்று நிமிடம் செய்தால் நெஞ்சின் படபடப்பு அடங்குவதைப் பிள்ளையே உணரும். ஆனால் ஒன்று: அச்சம் வந்த பிறகு முதன்முதலாகக் கற்றுக்கொள்ளக் கூடிய வித்தை அன்று இது. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே, நாள்தோறும் படுக்கையில் படுத்தவுடன் செய்து பழகியிருக்க வேண்டும்.

இரவு இரண்டு மணி

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு தாயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் மகளுக்கு எட்டு வயதில் முதல்வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. இப்போது பதினான்கு வயது. கொடைக்கானல் மலையில் இரண்டு இரவு, மூன்று பகல் நடைக்குப் பள்ளியில் பெயர் கொடுத்திருந்தாள். தாயார் எங்களிடம் இன்சுலினைப் பற்றிக் கேட்கவில்லை. “ஆறு ஆண்டுகளாக இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து இவள் விரலைக் குத்திப் பார்த்து வருகிறேன். அங்கே யார் எழுவார்கள்?” என்று மட்டும் கேட்டார். அவர் கவலை வீணன்று. நாள் முழுதும் நடந்த உடல், அன்றிரவும் தசைகளுக்குச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் நடந்து பல மணி நேரம் கழித்து, உறக்கத்தில், சர்க்கரை தாழ்வதற்கு வாய்ப்பு உண்டு. தோலில் ஒட்டிக்கொண்டு இடைவிடாது அளக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் விலை எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டுவதாக இல்லை, இக்குடும்பத்திற்கும் எட்டவில்லை.

மருத்துவர் நடைநாள்களுக்கான இன்சுலின் அளவைத் திருத்தி எழுதினார். படுக்குமுன் உண்ண வேண்டியதை உணவியல் வல்லுநர் சொன்னார். அதன் பிறகு மனநல ஆலோசகர் அவ்விருவரையும் அமர்த்தி ஓர் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். பத்து இரவுகள், வீட்டிலேயே, மகள் தானே அலாரம் வைத்து எழுந்து சோதித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தாய் விழித்திருந்தாலும் படுக்கையை விட்டு எழலாகாது. கடினமான பகுதி யாருக்கு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

முதல் இரண்டு இரவு நன்றாக நடந்தது. மூன்றாம் இரவு அலாரம் அடித்து ஓய்ந்தது, மகள் எழவில்லை. தாய் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, எழுந்துபோய்ச் சோதித்தார். மறுவாரம் எங்களிடம் வந்தபோது, “பார்த்தீர்களா, அனுப்ப முடியாது” என்றார். மகள் அழுதாள். எங்கள் ஆலோசகர் அதைத் தோல்வியாகக் கொள்ளவில்லை. ஒத்திகை நடத்துவதே எது பழுதாகும் என்று முன்கூட்டி அறிவதற்குத்தானே? களைத்த உடல் ஓர் அலாரத்திற்கு எழாது என்பது தெரிந்துவிட்டது. ஆகவே கூடாரத் தோழி ஒருத்தியின் கைக்கடிகாரத்தில் இரண்டாவது அலாரம். உடன் வரும் ஆசிரியையின் கைப்பேசியில் மூன்றாவது. மகள் எழுந்து சோதித்ததும் ஆசிரியையிடம் எண்ணைச் சொல்லிவிட்டே உறங்குவது என்று ஏற்பாடு மாறியது. மீதமிருந்த ஏழு இரவும் தம்பியின் அலாரமும் சேர்ந்து ஒலிக்க, ஒத்திகை தொடர்ந்தது. தம்பி முணுமுணுத்ததாகக் கேள்வி.

“இப்படி நடந்தால், இதைச் செய்வேன்” என்னும் வடிவில் சொல்லிப் பழகுவது இத்தகைய ஒத்திகையின் உயிர். “தைரியமாக இருப்பேன்” என்பது நல்ல எண்ணமேயன்றித் திட்டம் ஆகாது. “நடக்கும்போது கை நடுங்கினால், உடனே உட்கார்ந்து, முன்னால் போகிறவரை நிற்கச் சொல்வேன்” என்பது திட்டம். “இரவில் அழுகை வந்தால், டார்ச்சை ஏற்றிக் குறிப்பேட்டில் ஐந்து வரி எழுதுவேன், அதற்கும் அடங்காவிட்டால் ஆசிரியையை எழுப்புவேன்” என்பதும் திட்டமே. இத்தகைய வாக்கியங்கள் நான்கைந்தைப் பிள்ளையே தன் சொந்தச் சொற்களில் எழுதட்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தவை பையிலேயே கிடக்கும்.

வீட்டு ஏக்கம்

முதன்முறை வீட்டை விட்டு இரவு தங்கும் பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் வருவது நோயன்று. வளர்ப்பில் நேர்ந்த குறையும் அன்று. கோடைக்கால முகாம்களுக்குச் சென்ற சிறுவர்களிடையே அமெரிக்காவில் உளவியலாளர் கிறிஸ்டபர் தர்பர் நடத்திய ஆய்வில், 100க்கு 80க்கும் மேற்பட்டோர் குறைந்தது ஒரு நாளேனும் வீட்டை எண்ணி ஏங்கியதாகத் தெரிவித்தனர். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. “உனக்கு வீட்டு நினைவு வரும். பக்கத்தில் படுத்திருப்பவனுக்கும் வரும். அவன் சொல்ல மாட்டான்.” இவ்வளவு போதும். ஏக்கம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் பொழுதில்தான் வந்து கவியும்: அந்தி சாயும் வேளை, உணவுக்குக் காத்திருக்கும் வேளை, படுத்து உறக்கம் வருவதற்கு முந்திய அரைமணி. நடந்துகொண்டிருக்கும்போது எவரும் ஏங்குவதில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு குறிப்பு எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. “பிடிக்காவிட்டால் ஒரு போன் பண்ணு, அப்பா உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தல் கூடாது என்பதே அது. அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறாக விழுகிறது: ‘உன்னால் முடியாது என்று அப்பாவே நினைக்கிறார்.’ மேலும், ஏக்கம் வந்த முதற்கணமே மனம் அந்த வாசலை நோக்கி ஓடும். தாங்கிப் பழக இடமே இராது. அதற்கு மாறாக, “முதல் இரவு கடினமாக இருக்கலாம். என்ன செய்வது என்று நீயும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் மாலை பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன்” என்று சொல்லலாம். உடல்நிலைக்காக அழைத்துவர வேண்டி வந்தால் அது வேறு. அம்முடிவு ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் உரியது என்பதைப் பிள்ளைக்குத் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

“நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிப் போகும்” என்பதையும் பெற்றோர் தவிர்த்தல் நலம். பிள்ளை தன் ஏக்கத்தோடு உங்கள் ஏக்கத்தையும் மலைமேல் சுமக்க நேரிடும். முதுகுப்பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும் என்று நாங்கள் அளந்து சொல்கிறோம்; இந்த எடைக்குத் தராசு கிடையாது.

பயணத்திற்கு முந்திய மாதத்தில் அத்தை வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இரண்டு இரவு, கைப்பேசி இன்றித் தங்கி வருதல் நல்ல பயிற்சி. மொட்டை மாடியில் ஓர் இரவு உறங்குதலும் அவ்வாறே. மண் தரையின் கடினம், காற்றின் ஓசை, டார்ச் வெளிச்சத்தில் பையைத் துழாவுதல் ஆகியவை ஒருமுறை பழகிவிட்டால், மலையில் புதியவற்றின் எண்ணிக்கை குறையும்.

வாய்விட்டுச் சொல்லாத அச்சங்கள்

பிள்ளைகளிடம் “எதற்குப் பயப்படுகிறாய்?” என்று கேட்டால் யானை, பாம்பு, பேய் என்பார்கள். அவை சொல்லத்தக்க அச்சங்கள். ஆலோசகருடன் தனியே அமர்ந்து சற்று நேரம் பேசிய பிறகு வேறொன்று வெளிவரும். கழிப்பறை. மரத்தின் மறைவில், சிறு குழி தோண்டி, மற்றவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, எப்படிப் போவது? இக்கூச்சத்தினால் பல மாணவர்கள் தண்ணீர் அருந்துவதையே குறைத்துவிடுகிறார்கள். மலம் கழிப்பதை இரண்டு நாள் அடக்குகிறார்கள். விளைவு தலைவலி, தளர்ச்சி, மலச்சிக்கல். நீரிழிவு உள்ள பிள்ளைக்கு நீரிழப்பு மேலும் கேடு. ஆகவே வீட்டிலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நீர்நிலையிலிருந்து எட்ட நடந்து செல்லுதல், துணைக்கு ஒருவரை முதுகு காட்டி நிற்கச் சொல்லுதல், குழியை மண்ணால் மூடுதல் என்று முறை தெரிந்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். இதைச் சொல்லித் தரத் தந்தையர் நாணுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். தாத்தாக்கள் நாணுவதில்லை, அவர்கள் காலத்தில் கொல்லைக்குப் போவதே வழக்கம்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய அச்சம் இதனோடு சேர்கிறது. நாள் கணக்கில் வராவிட்டாலும், உடலுழைப்பாலும் பதற்றத்தாலும் நாள் முன்பின்னாக மாறக்கூடும் என்பதால் எல்லாப் பெண் பிள்ளைகளும் நாப்கின், பழைய செய்தித்தாள், மூடும் உறை, மாற்றுடை ஆகியவற்றை எடுத்துச் செல்லட்டும். பயன்படுத்தியவற்றைக் காட்டில் எறியாமல் உறையிலிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பலர். பயணத்திற்காகக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டா. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உடன் வருவோரில் ஓர் ஆசிரியையேனும் இருக்கிறாரா என்பதைப் பெற்றோர் முதற்கூட்டத்திலேயே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அட்டையைப் பற்றி ஒரு சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் அட்டை காலில் ஏறுவது இயல்பு. கடித்த இடத்தில் வலி பெரும்பாலும் இராது. ஆனால் குருதி உறைவதைத் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் உள்ளதால் கசிவு சற்று நீடிக்கும். குருதியைக் கண்டு பிள்ளை அலறுவது அதனால்தான். நகத்தால் மெல்ல நெட்டித் தள்ளி, சோப்பு நீரால் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். இதை முன்பே அறிந்த பிள்ளை அலறுவதில்லை. பிறருக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

நோயைத் தோழர்க்குச் சொல்லுதல்

காலுறைக்குள் ஒளித்து வைக்கப்பட்ட இன்ஹேலரை நாங்கள் மறக்கவில்லை. தன் நோயைக் கூட்டத்தின் முன் அறிவிக்க எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தலாகாது. ஆயினும் மூவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்: பொறுப்பாசிரியர், வழிகாட்டி, கூடாரத்தில் உடன் உறங்கும் ஒரு தோழர். அத்தோழரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். சொல்ல வேண்டியதை இரண்டு வரிக்குள் சொல்லப் பழகலாம். “எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் திடீரென்று கோபமாகவோ உளறியோ பேசினால், குளுக்கோஸ் கொடுத்துவிட்டு சாரைக் கூப்பிடு.” பெரும்பாலான தோழர்கள் இதைக் கேட்டுப் பெருமைப்படவே செய்கிறார்கள், தம்மை நம்பி ஒரு பொறுப்பு தரப்பட்டதென்று. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊட்டலாகாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

மருந்து இரண்டு பங்காகப் பிரிந்து, ஒன்று பிள்ளையிடமும் மற்றொன்று ஆசிரியரிடமும் இருக்கட்டும். மலையின் குளிர் இரவுகளில் இன்சுலின் உறைந்துவிடாமலும், குளுக்கோமீட்டர் குளிரால் வேலை நிறுத்தம் செய்யாமலும் இருக்க, அவற்றை உடலோடு ஒட்டி, போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு உறக்கக் குறைவே பெரும் பகை. நள்ளிரவு வரை பாட்டும் கூத்துமாக இருக்கும் முதல் இரவில் அப்பிள்ளை எழுந்துபோய்ப் படுக்கத் துணிவு வேண்டும். அதற்கும் அந்த ஒரு தோழர் வேண்டும்.

பெற்றோரின் அச்சம்

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலையேற்றத்திற்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திரார். “காட்டுக்குப் போறேன்னு சொன்னா எனக்கு அந்த நெருப்புதான் ஞாபகம் வருது” என்று ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார். அவ்வச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட நாங்கள் துணியமாட்டோம். அச்சத்திற்குத் தக்க மருந்து கேள்வி கேட்டல். அவ்விபத்திற்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழித்தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து அறிவிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் செல்கின்றனர். ஆகவே பள்ளியிடம் கேளுங்கள்: வனத்துறை அனுமதி எழுத்தில் உள்ளதா? வழிகாட்டிகள் எத்தனை பேர்? அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு? இடைவழியில் வண்டி வரக்கூடிய இடம் எது? வானிலை கெட்டால் திரும்பும் முடிவை எடுப்பவர் யார்? கைப்பேசிக்கு அலை கிடைக்காத நேரம் எது, செய்தி எப்போது வரும்? கேட்டுப் பெற்ற விடைகளைத் தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ‘இன்று மாலை ஆறு மணி வரை அலை கிடைக்காது’ என்று சுவரில் எழுதியிருந்தால், நான்கு மணிக்கு அழைப்பு வராதது பேரிடராகத் தோன்றாது.

இவ்விடைகள் மனநிறைவு தராவிட்டால் அனுப்ப வேண்டா. அண்மையில் கடுமையான நோய்த்தாக்கில் மருத்துவமனையில் தங்கியிருந்த பிள்ளை, வீட்டில் இறப்பு நேர்ந்த துயரத்தில் இருக்கும் பிள்ளை, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் உடைய பிள்ளை ஆகியோரை இப்பருவம் நிறுத்தி வைத்து, முதலில் எங்களிடம் அழைத்து வாருங்கள். போக விருப்பமே இல்லாத பிள்ளையை, ‘தைரியம் வரட்டும்’ என்று தள்ளி விடுதலும் வேண்டா. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் எறிந்து கற்பித்த கதைகளை நம் ஊர்களில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பின் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களின் கதையை எவரும் சொல்வதில்லை.

திரும்பி வந்த பின்

பிள்ளை திரும்பியவுடன் முதல் கேள்வி “சுகர் எவ்வளவு இருந்தது?” என்பதாக இருத்தல் கூடாது. குளித்து, உண்டு, உறங்கட்டும். ஓரிரு நாள் வீடு சலிப்பாகத் தோன்றலாம். தோழர் கூட்டம் கலைந்ததில் மனம் சோரலாம். அதுவும் இயல்பே. இடையில் திரும்ப நேர்ந்த பிள்ளையிடம், எவ்விடம் வரை ஏறினாய் என்று கேளுங்கள். ஏன் திரும்பினாய் என்று பிறகு அதுவே சொல்லும். இன்ஹேலரை ஒளித்து வைத்த அந்தச் சிறுவன் மறு ஆண்டு மீண்டும் சென்றான். இன்ஹேலர் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கியது. அவன் தோழர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்களாம். என்னவென்று எங்களிடம் சொல்ல மறுத்துவிட்டான்.

அந்தத் தாயும் மகளும் சனவரியில் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார்கள். தாய் கைப்பையிலிருந்து மகளின் குறிப்பேட்டை எடுத்து, முதல் இரவின் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். குளிரில் எழுதியதால் எழுத்துகள் கோணலாக இருந்தன. “2.05 மணி. 64. குளுக்கோஸ் 15 கிராம். மிஸ் எழுந்துவிட்டார். 2.20: 98. பிஸ்கட் இரண்டு. வெளியே வந்து பார்த்தோம். இவ்வளவு நட்சத்திரம் நான் பார்த்ததில்லை.” அந்நேரத்தில் தாம் வீட்டில் விழித்துக்கொண்டிருந்ததாகத் தாய் சொன்னார். பிறகு, இரண்டாம் இரவு தாம் உறங்கிவிட்டதாகவும், காலையில் பால்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்ததாகவும் சற்றே வெட்கத்துடன் சேர்த்துக்கொண்டார்.